மேடை மட்டும் போதுமா? பட்டறையும் வேண்டும்!

இணைய மாநாட்டில் பிறருக்குக் கற்றுக் கொடுக்க விரும்புவோர் விண்ணப்பம் எழுதும் முறை

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். பூட்டு என்றதும் பட்டறை நினைவுக்கு வரும். பட்டறையில் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. அரம் பிடிக்கத் தெரிந்தவர் பிடிக்கிறார். தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறார். தப்பாக ராவினால் சாவி நுழையாது. அப்போதே தெரிந்துவிடும். திருத்திக் கொள்ளலாம்.

இந்தப் பட்டறை என்ற சொல் இப்போது பெரிய மாநாடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. கணினி பற்றியும் இணையம் பற்றியும் ஆராய்வதற்கு அறிஞர்கள் கூடுகிறார்கள். அங்கே கட்டுரை வாசிப்பதற்கு ஒரு மேடை இருக்கிறது. அதோடு, பலர் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்வதற்குப் பட்டறையும், புதிதாகக் கற்க வந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பும் வைக்கிறார்கள். இவற்றை நடத்தப் பேராசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. பயனுள்ள விஷயம் கையில் இருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் தெளிவாக எழுதிக் கேட்கத் தெரிய வேண்டும்.

காந்திகிராமத்துக்கு வந்த மாநாடு

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், சிறுமலை அடிவாரத்தில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது காந்திகிராமம். 1947-ம் ஆண்டில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் இதைத் தொடங்கினார்கள். அம்மையார் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் புதல்வி. டில்லியில் மருத்துவம் படித்தவர். பட்டணத்தில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் கிராமத்துக்குச் சேவை செய்ய வந்தார். 1956-ல் இங்கே கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இங்கேதான் 2016-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9, 10, 11 தேதிகளில் 15-வது தமிழ் இணைய மாநாடு நடந்தது. இந்த மாநாடுகளை நடத்தி வரும் அமைப்புக்கு உத்தமம் என்று பெயர். உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் என்பதன் சுருக்கம் அது. 2000-ம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டை ஒட்டி இந்த மன்றம் பிறந்தது.

முதல் மாநாடு 1997-ல் சிங்கப்பூரில் கூடியது. அதற்கு முன்னின்றவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. இரண்டாவது மாநாடு 1999-ல் சென்னையில் நடந்தது. பிறகு கோலாலம்பூர், ஜெர்மனியிலுள்ள கொலோன், அமெரிக்காவின் பிலடெல்பியா என்று பல பட்டணங்களைச் சுற்றியது. அப்படிச் சுற்றிய மாநாடு, கிராமத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் கல்வி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

இது பொருத்தமான இடமும்கூட. காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை நாட்டின் முன் வைத்தார். கையால் ஒரு தொழிலைச் செய்துகொண்டே அறிவையும் பெற வேண்டும் என்பது அதன் சாரம். காந்திகிராமம் அந்தக் கொள்கையில் வளர்ந்த இடம். செய்து பார்த்துக் கற்பது என்றால், பட்டறை என்பதற்கும் அதே அர்த்தம்தானே?

ஒரு துறை போதாது

இணையம் கணினி படித்தவர்களின் விஷயம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி எண்ணியதால் வந்த நஷ்டம் கொஞ்சமல்ல.

2018-ம் ஆண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்த கொடுமை பலருக்கு நினைவிருக்கும். குழந்தை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசிகளில் வாட்ஸ்அப் மூலம் வதந்தி பரவியிருந்தது. குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கூட்டம் கூடியது. அடி விழுந்தது. ஒரு மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலை மாதத்தில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. அது கணினி தெரிந்தவர்கள் செய்யக்கூடிய வேலை. ஆனால் ஒரு தாய் அந்த வதந்தியை ஏன் நம்பினாள்? எந்தச் சொற்கள் அவளைப் பயமுறுத்தின? ஊர்க் கூட்டம் எப்படிக் கும்பலாக மாறிற்று? போலீசார் எந்த நேரத்தில் எச்சரித்திருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இவற்றுக்குப் பதில் சொல்ல மொழி அறிஞர் வேண்டும். மனநூல் அறிந்தவர் வேண்டும். சட்டம் தெரிந்தவர் வேண்டும். ஆசிரியர் வேண்டும். அந்த ஊர்ப் பெண்களும் வேண்டும். இத்தனை பேரும் ஒரே அறையில் உட்காருவதற்குத்தான் பல துறை மாநாடு.

உலகத்திலும் இப்படித்தான். வைய விரிவு வலைக்கென்று முதல் சர்வதேச மாநாடு 1994-ம் ஆண்டு மே மாதம் ஜெனிவாவில் கூடியது. 2011-ல் அந்த வரிசை மாநாடு நம் நாட்டில் ஐதராபாத்துக்கு வந்தது. வலையை ஒரு சமூக விஷயமாகவும் பார்த்து, சமூகவியல், பொருளாதாரம், சட்டம் ஆகிய துறையினரும் கலந்துகொள்ளும் வலை அறிவியல் மாநாடு 2009-ல் கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ் நகரில் ஆரம்பமாயிற்று. இத்தகைய மாநாடுகளில் கட்டுரைகளுக்கு அழைப்பு விடுப்பதைப் போலவே, பட்டறைகளுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் தனியாக அழைப்பு விடுக்கிறார்கள்.

சேர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. ஒரு காலத்தில் கணினியில் தமிழ் அடிக்க ஆளுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு கணினியில் அடித்த கடிதத்தை இன்னொரு கணினியில் திறந்தால் புரியாத குறிகள் தெரியும். விசைப்பலகைகளும் பலவிதம்.

1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி, மொழி தெரிந்தவர்களும் கணினி தெரிந்தவர்களும் அரசாங்கத்தாரும் கலந்து பேசினார்கள். அதன் பயனாகத் தமிழ்99 என்ற பொது விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம். அதிகம் வழங்கும் மெய்யெழுத்துகள் வலது கைப் பக்கம். தமிழில் 247 எழுத்துகள் உண்டு. அத்தனைக்கும் தனித்தனி விசை தேவையில்லை. உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்ற இலக்கணமே விசைப்பலகையில் வேலை செய்கிறது.

கணினி தெரிந்தவர் மட்டும் இருந்திருந்தால் இலக்கணம் உள்ளே வந்திருக்காது. தமிழாசிரியர் மட்டும் இருந்திருந்தால் விசைப்பலகை வெளியே வந்திருக்காது.

பட்டறை வேறு, பயிற்சி வகுப்பு வேறு

விண்ணப்பம் எழுத உட்காருபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இது. இரண்டையும் குழப்பினால் நல்ல விண்ணப்பம்கூட நிராகரிக்கப்படும்.

சின்னாளப்பட்டியின் சுங்குடிச் சேலையை எடுத்துக் கொள்வோம். துணியில் சின்னச் சின்ன முடிச்சுகள் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் தோன்றும். முடிச்சுப் போடத் தெரிந்த ஒரு பெண்மணி, தெரியாத பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். வழி தெரிந்தது. முடிவும் தெரிந்தது. இது பயிற்சி வகுப்பு.

புதிதாக வந்த சாயம் ஏன் கரைகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. முடிச்சுப் போடுபவர், சாயம் போடுபவர், ரசாயனம் படித்தவர் எல்லோரும் கூடி ஆளுக்கு ஒரு துணியை நனைத்துப் பார்க்கிறார்கள். இங்கே குருவும் இல்லை, சீடரும் இல்லை. எல்லோருமே தேடுகிறார்கள். இது பட்டறை.

ஆகவே, பதில் கையில் இருந்தால் பயிற்சி வகுப்புக்கு எழுத வேண்டும். கேள்விதான் கையில் இருக்கிறது என்றால் பட்டறைக்கு எழுத வேண்டும்.

உலகையே மாற்றிய ஒரு விண்ணப்பம்

விண்ணப்பம் எழுதுவது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லலாம். 1989-ம் ஆண்டு மார்ச் மாதம், ஜெனிவாவில் உள்ள செர்ன் அணு ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்ற இளைஞர் தம் மேலதிகாரிக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அங்கே பல நாட்டு விஞ்ஞானிகள் வந்து போகிறார்கள். ஒருவர் போனால் அவர் சேர்த்த தகவலும் தொலைகிறது. தகவல்களை ஒன்றோடொன்று இணைத்து வைத்தால் தொலையாது. இதுதான் அவர் சொன்னது.

மேலதிகாரி மைக் செண்டால், விஷயம் தெளிவாக இல்லை, ஆனால் உற்சாகமூட்டுகிறது என்ற கருத்தை அதன் மேலேயே குறித்தார். திட்டத்தைக் குப்பையில் போடவில்லை. அதிலிருந்துதான் வைய விரிவு வலை பிறந்தது. 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதி செர்ன் நிலையம் அதை உலகத்தாருக்கு இலவசமாகவே விட்டுக் கொடுத்தது.

பக்கத்து அறையில் இருக்கும் அதிகாரியிடம் போய் விளக்கம் சொல்லலாம். மாநாட்டில் விண்ணப்பத்தைப் படிப்பவர் வேறு ஊரில் இருப்பார். விளக்கம் சொல்ல யாரும் கூட நிற்க முடியாது. எனவே காகிதமே பேச வேண்டும்.

ஏழு கேள்விகள்

தேர்வுக் குழுவினர் விண்ணப்பத்தில் தேடுவது சில சாதாரணக் கேள்விகளுக்குப் பதில்தான்.

1. பொருள் என்ன? “இணையமும் தமிழும்” என்று எழுதினால் கடலைக் காட்டுவது போல. “கிராம நூலகத்தின் புத்தகப் பட்டியலைத் தமிழில் இணையத்தில் ஏற்றுவது” என்று எழுதினால் கிணற்றைக் காட்டுவது போல. தாகத்துக்குக் கிணறுதான் உதவும்.

2. யாருக்காக? அவர்களுக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும்? தமிழில் தட்டச்சுத் தெரிய வேண்டுமா, கைப்பேசி பழகியிருந்தால் போதுமா என்று சொல்லிவிட வேண்டும்.

3. முடிவில் வந்தவர் கையில் என்ன இருக்கும்? இதுதான் விண்ணப்பத்தின் உயிர். “விழிப்புணர்ச்சி உண்டாகும்” என்பது பதில் ஆகாது. “ஒவ்வொருவரும் தங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி ஏற்றியிருப்பார்கள்” என்பது பதில்.

4. யார் நடத்துவது? பட்டம், பதவிகளை வரிசையாக அடுக்க வேண்டாம். இந்த வேலையை அவர் முன்பு எங்கே செய்திருக்கிறார் என்று எழுதினால் போதும். பல துறை மாநாடு என்பதால், குறைந்தது இரண்டு துறையினராவது சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது.

5. எவ்வளவு நேரம்? அரை நாளா, முழு நாளா? மணி வாரியாக எழுத வேண்டும். பேச்சுக்கு எத்தனை நிமிஷம், கைவேலைக்கு எத்தனை நிமிஷம் என்பது தெரிய வேண்டும்.

6. என்னென்ன தேவை? எத்தனை நாற்காலி, எத்தனை கணினி, இணைய வசதி உண்டா, மின்சாரம் நின்றால் என்ன செய்வது? இவற்றை எழுதுபவர் அனுபவசாலி என்று குழுவினருக்கு உடனே தெரிந்துவிடும்.

7. முடிந்த பிறகு என்ன? பாடக் குறிப்புகள் பொதுவில் வைக்கப்படுமா? பட்டறையில் கண்ட முடிவு கட்டுரையாக வருமா?

பட்டறைக்கு விண்ணப்பிப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல மாநாடுகளில் பட்டறைக்கு அனுமதி கிடைத்த பிறகு, அந்தப் பட்டறைக்கென்று தனியாகக் கட்டுரைகள் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதற்கு அவகாசம் வேண்டும். ஆகையால் பட்டறை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி சீக்கிரமே வந்துவிடும். கட்டுரைத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி போய்விடும்.

இரண்டு மாதிரிகள்

படிப்பவர்களுக்கு விளங்கும்படி, கற்பனையாக இரண்டு விண்ணப்பங்களைப் பார்க்கலாம்.

முதலாவது பயிற்சி வகுப்பு. தலைப்பு: கைப்பேசியில் வந்த செய்தி மெய்யா, பொய்யா? யாருக்கு: மகளிர் சுய உதவிக் குழுவினர் 30 பேருக்கு. நேரம்: அரை நாள். நடத்துபவர்கள்: ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு பத்திரிகையாளர். முதல் அரை மணி நேரம், வதந்தியால் வந்த கேடுகளைச் சொல்வது. பிறகு இரண்டு மணி நேரம் பழக்கம். செய்தியை முதலில் சொன்னவர் யார், தேதி என்ன, அந்தப் படம் முன்பே வேறு ஊரில் வேறு செய்தியோடு வந்திருக்கிறதா என்று கைப்பேசியிலேயே தேடிப் பார்ப்பது. முடிவில், ஒவ்வொருவரும் மூன்று செய்திகளைத் தாங்களே சோதித்திருப்பார்கள். தேவை: கைப்பேசிகள், இணைய இணைப்பு. இணைப்பு அறுந்தால் காட்டுவதற்கு அச்சிட்ட படங்கள்.

இரண்டாவது பட்டறை. தலைப்பு: கைமுடிச்சுச் சுங்குடியைத் திரையில் அடையாளம் காட்டுவது எப்படி? கையால் முடிச்சுப் போட்ட சேலைக்கு உழைப்பு அதிகம். புள்ளியை அச்சில் போட்ட சேலைக்கு உழைப்பு குறைவு. கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். இணையத்தில் வாங்குபவருக்குப் படம்தான் தெரியும். அந்தப் படத்தில் உழைப்பு தெரியாவிட்டால், முடிச்சுப் போட்டவருக்கு உரிய விலை கிடைக்காது. இதற்கு முடிவான பதில் கையில் இல்லை. முடிச்சுப் போடும் பெண்கள், படம் எடுப்பவர், கணினி ஆசிரியர், சொல் தேர்ந்து கொடுக்கத் தமிழாசிரியர், புவிசார் குறியீட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஆகியோர் ஒரு நாள் முழுவதும் உட்காருவார்கள். முடிவில், எந்தக் கோணத்தில் படம் எடுப்பது, என்னென்ன சொற்களால் விவரிப்பது என்று ஒரு பொது முறையை எழுதி வெளியிடுவார்கள்.

இரண்டிலும் பெரிய வார்த்தைகள் கிடையாது. ஆனால் எது நடக்கப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

எங்கே தவறுகிறார்கள்?

ஒரே பட்டறையில் பத்துப் பேச்சாளர்களைப் போடுவது முதல் தவறு. ஆளுக்கு இருபது நிமிஷம் பேசினால், வந்தவர்கள் கை நீட்ட நேரம் இருக்காது.

எல்லோரையும் கூப்பிடுவது இரண்டாவது தவறு. இருபது கணினிகளுக்கு நூறு பேர் வந்தால், எண்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கூட்டத்தின் அளவைச் சொல்லி, அதற்கு மேல் இல்லை என்று எழுதுவதே மரியாதை.

பிறருடைய விஷயத்தைக் கேட்காமல் எடுத்துக் காட்டுவது மூன்றாவது தவறு. ஒருவருடைய கைப்பேசிச் செய்தியையோ குழந்தையின் படத்தையோ பாடத்துக்காகத் திரையில் போடுவதானால் அவர்களுடைய சம்மதம் வேண்டும். தனிநபர் தகவலைப் பாதுகாக்க 2023-ல் இந்தியாவில் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் பண்பு இருக்கிறது அல்லவா?

கிராமத்தவரை வெறும் “பயனாளிகள்” என்று எழுதுவது நான்காவது தவறு. நெசவு பற்றிய பட்டறையில் நெசவாளர்தான் நிபுணர். அவர் பெயர் நடத்துவோர் பட்டியலில் இருக்க வேண்டும். அவருக்குப் பிரயாணச் செலவும் ஒரு நாள் கூலி நஷ்டமும் கணக்கில் வர வேண்டும். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஓர் அறை வேண்டும். இவற்றையும் விண்ணப்பத்தில் எழுதலாம். எழுதினால்தான் நடக்கும்.

பிறருக்கு விட்டுச் செல்வது

பட்டறை ஒரு நாளில் முடிந்துவிடும். அதன் குறிப்புகள் நீடிக்க வேண்டும். 1998-ம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம், மதுரைத் திட்டம் என்ற தொண்டைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்து இணையத்தில் இலவசமாக ஏற்றினார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் ஆரம்பித்தது. அதையும் தன்னார்வலர்களே வளர்த்தார்கள். செய்தவர்கள் சம்பளம் வாங்கவில்லை. ஆனால் ஒருவர் செய்த வேலை அடுத்தவருக்குப் படியாக அமைந்தது. பட்டறைக் குறிப்பையும் அப்படிப் பொதுவில் வைத்தால், வர முடியாதவர் வேறு ஊரில் அதே பட்டறையை நடத்தலாம்.

ஒரு தமிழாசிரியர், ஒரு செவிலியர், ஒரு கூட்டுறவுச் சங்கக் கணக்கர், ஒரு நூலகர் ஆகியோரிடம் இணையத்தைப் பற்றிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. கணினிப் பேராசிரியருக்கு அந்தக் கேள்விகள் தோன்றாது. கேள்வி உள்ளவர்கள் விண்ணப்பிக்காவிட்டால், மாநாட்டில் வேறு யாருடைய கேள்விகளோதான் பேசப்படும். அவற்றுக்குத்தான் கருவிகள் பிறக்கும். கிராமத்தின் தேவை ஓரத்திலேயே நிற்கும்.

அடுத்த மாநாட்டுக்கு அழைப்பு வரும்போது, இரண்டு பக்கம் காகிதமும் துணைக்கு வேறு துறை நண்பர் ஒருவரும் இருந்தால் போதும். முதல் வரியில், வருகிறவர் என்ன கற்றுக்கொண்டு வீடு திரும்புவார் என்று எழுதட்டும். அந்த ஒரு வரி தெளிவாக அமைந்துவிட்டால், மற்ற வரிகள் தாமாகவே வரும்.